எங்கே, எப்போது தொடங்கியது?

உடம்பில் கோளாறோடு பட்டாளத்தை விட்டு வெளியே வருகிறவர் மெடிக்கல் போர்டில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று பெயர். அதன் முதல் பகுதி டாக்டர் எழுதுவதல்ல, சிப்பாய் தன் வாயால் சொல்ல வேண்டியது. எந்தெந்த ஊரில் இருந்தாய், அது பீல்டா பீஸா, அதாவது களப் பகுதியா அமைதிப் பகுதியா? இப்போது என்ன உபாதை? முதலில் எந்தத் தேதியில், எந்த இடத்தில் தொடங்கியது? எங்கே வைத்தியம் பார்த்தார்கள்? வேலையில் நடந்த எதனாலாவது இது வந்தது, அல்லது முற்றியது என்று நினைக்கிறாயா? கடைசியில் கையெழுத்து, சாட்சியின் கையெழுத்து.

நடைமுறையில் இதை நிரப்புகிறவர் பெரும்பாலும் யூனிட் கிளார்க்தான். வீட்டுக்குக் கிளம்பும் ஹவில்தார் கிட் ஒப்படைத்து, கேன்டீன் பாக்கி தீர்த்து, கிளியரன்ஸ் சிட்டில் இடம் இடமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவருவார். ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது. ஊரில் பெண்ணுக்கு வரன் பார்த்து வைத்திருக்கிறார்கள். "இங்க போடுங்க" என்றால் போட்டுவிடுவார். எதனால் வந்தது என்ற கேள்விக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதியிருக்கும், அல்லது வெறும் கோடு இழுத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து டிஸபிலிட்டி பென்ஷன் கேட்கும்போது அந்தக் கோடுதான் அவருக்கு எதிரான முதல் சாட்சி.

நான் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவன். பணியில் பாதி யூனிட் ஆபீஸில் கழிந்தது, மீதி ரெக்கார்டு ஆபீஸில். இப்போது வேலூரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து முன்னாள் படைவீரர்களின் காகிதங்களைப் படித்துக் கடிதமும் அப்பீலும் எழுதிக் கொடுக்கிறேன். இந்தப் பக்கத்து ஊர்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. கம்மவான்பேட்டையை ‘மிலிட்டரிக் கிராமம்’ என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த தெருக்கள் அங்கே உண்டு. சுற்றுவட்டாரத்திலும் அப்படித்தான். ஆகவே என் அறைக்கு ஆள் வராத நாள் குறைவு.

வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "சாப், எனக்கு நானா போட்டுட்டாங்க." போர்டு மூன்றில் ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். உபாதை பணியால் வந்தது, பணியால் முற்றியது, இரண்டும் இல்லை. இந்த மூன்றாவதின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் ‘நானா’ என்கிறார்கள். அது விழுந்துவிட்டால் டிஸபிலிட்டி பென்ஷன் கிடையாது. முழுப் பணிக்காலம் முடித்தவராக இருந்தால் சாதாரண பென்ஷன் மட்டும் வரும்.

பீரங்கிப் படையில் இருந்த ஒரு ஹவில்தாரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது அதில் தெரியும்.

அவர் வரும்போதெல்லாம் மனைவியையும் கூட்டி வருவார். நான் பேசுவது அவருக்குக் கேட்காது. அந்தம்மா அவர் காதருகே குனிந்து, நான் சொன்னதை இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வார். "டிவிய இவரு வச்சா தெருவே கேக்குதுங்க சார். பேரப்புள்ள பேசுறது மட்டும் கேக்கல" என்றார் ஒருநாள். போர்டு அறிக்கையில் இரண்டு காதிலும் நரம்புக் கோளாறால் கேட்கும் திறன் குறைவு, 20 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதியிருந்தது. பணியோடு தொடர்பில்லை, பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பது அவர்கள் கொடுத்த காரணம். ஒரே ஒரு வரி.

இப்படி ஒரு காகிதம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது போஸ்டிங் பட்டியலை. ஒவ்வொரு இடத்துக்கும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பணிப் பதிவேடான ஷீட் ரோலோடு வைத்து ஒத்துப் பார்ப்பேன். அப்புறம் டிஸ்சார்ஜ் புக். இவருடைய போர்டு பட்டியலில் 1999-ம் வருஷம் முழுவதும் வடக்கே ஒரு பீஸ் ஸ்டேஷனில் இருந்ததாக இருந்தது. டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கங்களின் வரிசையில் ஆபரேஷன் விஜய் ஸ்டார் இருந்தது. கார்கில் சண்டை நடந்த பகுதியில் இருந்தவர்களுக்குக் கொடுத்த நட்சத்திரம் அது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு காகிதங்கள், ஒரே ஆள், ஒரே வருஷம். ஒன்றில் அவர் சண்டையில் இருக்கிறார், இன்னொன்றில் இல்லை.

கேட்டபோதுதான் சொன்னார். அந்தக் கோடையில் அவரை வேறொரு ரெஜிமென்ட்டோடு அட்டாச்மென்ட்டில் அனுப்பியிருக்கிறார்கள். போஸ்டிங் என்று பதிவாகாததால் பட்டியல் எழுதிய கிளார்க் அதை விட்டுவிட்டார். கார்கிலில் நம் பீரங்கிகள் சுட்டவை 2,50,000-க்கு மேற்பட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் என்பது எல்லோரும் படித்த கணக்கு. அவற்றில் சிலவற்றைப் பீரங்கியில் திணித்தவர் என் முன்னால் உட்கார்ந்து, "என்னா சொல்றாரு?" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதக்கம் அவர் அங்கே இருந்ததைக் காட்டும். காது அங்கே கெட்டதைக் காட்ட அது போதாது. தொடங்கிய நாள் வேண்டும். "பழைய காகிதம் எதுவானாலும் பரவாயில்லை, குப்பையென்று நினைத்து எதையும் ஒதுக்காதீர்கள், எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்றேன். பட்டாளத்துக்காரர் வீட்டில் எல்லாம் இருப்பது கறுப்பு டிரங்குப் பெட்டியில்தான். மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பேரும் எழுதியிருக்கும். அதற்குள்ளிருந்து அந்தம்மா ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். லீவு சர்டிபிகேட், ரயில்வே வாரண்ட்டின் அடிக்கட்டை, மணியார்டர் ரசீதுகள், எம்.ஐ. ரூம் என்கிற யூனிட் மருத்துவ அறையில் கொடுத்த, மடித்த இடத்தில் கிழிந்துபோன சிட் ஒன்று. ராஜஸ்தானில் மகாஜன் சுடுதளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது கொடுத்தது. சுட்டபிறகு இரண்டு காதிலும் இரைச்சல், மூன்று நாள் லேசான வேலை என்று டாக்டர் எழுதியிருந்தார். தேதி 2003.

போர்டு சொன்ன ‘பீஸ்’ என்பது அந்தச் சுடுதளம்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. காகிதக் கணக்கில் அது அமைதிப் பகுதி. அதனால் பீரங்கி மெதுவாக வெடிப்பதில்லை. பீல்டா பீஸா என்ற பாகுபாடு சில நோய்களுக்குப் பொருந்தலாம். ரத்த அழுத்தம் எங்கே தொடங்கியது என்று பார்த்து போர்டு முடிவு செய்கிற வழக்கம் இருக்கிறது, அதுவே விவாதத்துக்குரியது. பீரங்கிக்காரனின் காதுக்கு அந்த அளவுகோலை வைத்தது எந்த வகையிலும் சரியில்லை. என் அறையில் நான் கோபப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

அவருடைய முதல் அப்பீல் தள்ளுபடி. இரண்டாவதும் தள்ளுபடி. பதில் கடிதத்தில் போர்டு சொன்ன அதே வரியைத் திருப்பி எழுதியிருந்தார்கள். பதக்கத்தைப் பற்றியோ சிட்டைப் பற்றியோ பேச்சே இல்லை. பிறகு சென்னையில் ராணுவ தீர்ப்பாயத்துக்குப் போனோம். வாதாடியது ஒரு வக்கீல், காகிதக் கட்டைத் தேதிவாரியாக அடுக்கியது நான். அங்கே ஒரு நீதித்துறை உறுப்பினரும், படையில் உயர்பதவி வகித்த நிர்வாக உறுப்பினரும் அமர்வார்கள். அந்த இரண்டாமவர் சிட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, எந்த பீரங்கி என்று கேட்டார். வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த ஹவில்தாரின் காதில் அவர் மனைவி கேள்வியைச் சொன்னார். அவர் எழுந்து அட்டென்ஷனில் நின்று, "130 மில்லிமீட்டர், சாப்" என்றார். கோர்ட் அறைக்கு அந்தக் குரல் ரொம்ப அதிகம்.

வழக்கு ஜெயித்தது. பணத்தில் அது என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம் ஆட்களுக்குக் குழப்பம் அதிகம். டிஸபிலிட்டி எலிமென்ட் என்பது 100 சதவீத உடல்குறைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறை எவ்வளவோ அந்த விகிதத்தில் குறையும். கடைசியாக 40,000 வாங்கியவருக்கு 20 சதவீதம் என்றால் மாதம் 2,400. ஐந்தாவது சம்பளக் குழுவுக்குப் பிறகு, 2001 ஜனவரி 31-ம் தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் படிக்கட்டு முறையைக் கொண்டுவந்தது. 50-க்குக் கீழே இருந்தால் 50, அதற்கு மேல் 75 வரை 75, அதற்கும் மேல் 100 என்று கணக்கிட வேண்டும். அப்படியானால் அதே ஆளுக்கு 6,000 வரும். அகவிலைப்படி தனி. ஆனால் நோயால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது, காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கு இல்லை என்று வெகுகாலம் மறுத்து வந்தார்கள். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. எங்கள் ஹவில்தாருக்கு 50 சதவீதமாகக் கிடைத்தது அதனால்தான். நிலுவைத் தொகை மட்டும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கே வந்தது. 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை அது. பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுகிற உரிமை என்பதால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்காமல் இருந்த வருஷங்களுக்குப் பணம் போய்விடும். "இப்ப போய் கேட்டா என்ன, அடுத்த வருஷம் கேட்டா என்ன" என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எல்லா டிஸபிலிட்டி வழக்குகளுக்கும் அடியில் இருக்கும் தீர்ப்பு 2013 ஜூலையில் வந்தது. தர்மவீர் சிங் என்ற சிக்னல்ஸ் சிப்பாயின் வழக்கு. 1985-ல் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994-ல் வெளியே அனுப்பினார்கள். 20 சதவீதக் குறை, பணியோடு சம்பந்தமில்லை, பென்ஷன் இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் 1982-ம் வருஷத்து விதிகளை வரி வரியாக எடுத்துப் படித்தது. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல ஆரோக்கியத்தோடு வந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு நோயால் வெளியேற்றப்பட்டால், உடல்நிலை கெட்டது பணியால்தான் என்று கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது, சிப்பாயுடையதல்ல. நோய் முன்பே இருந்தது, பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாத வகை அது என்று போர்டு நினைத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

எழுபது பேரை ஒரே காலையில் பனியனோடு வரிசையில் நிற்கவைத்து, நெஞ்சை விரிக்கச் சொல்லி, பல்லை எண்ணி, பாதம் தட்டையா என்று பார்த்து எடுத்தவர்கள் அவர்கள். அப்படிச் சலித்து எடுத்த உடம்பு பத்து வருஷத்தில் கெட்டுப்போனால், அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது எடுத்தவர்கள்தான். இதைச் சொல்ல ஒரு சாதாரண சிப்பாய் ஏறத்தாழ இருபது வருஷம் படியேற வேண்டியிருந்தது.

தீர்ப்பு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் சில சமயம் சேர்க்கைப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், போர்டின் மருத்துவக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லீவில் நடந்த விபத்துகளிலும் இப்படித்தான். லீவில் ஊருக்குப் போகும் வழியில் அடிபட்டதைப் பணியாகவே ஏற்றுக்கொண்டார்கள், 1999-ல் மதன் சிங் ஷெகாவத் வழக்கில். ஊருக்கு வந்து சொந்த வேலையாகச் சுற்றும்போது அடிபட்டால் பெரும்பாலும் ஏற்பதில்லை. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குப் புதிய விதிகளே வந்துவிட்டன. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொருவரின் காகிதத்தையும் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தை வாங்குவது முதல் வேலை. மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகல் பலரிடம் இருக்காது. ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டும். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத், டி.எஸ்.சி.க்குக் கண்ணூர். நம்பர், ரேங்க், பேர், வெளியே வந்த தேதி, டிஸ்சார்ஜ் புக் நகல் எல்லாம் வைத்து, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘என் எல்லா ரெக்கார்டும் வேண்டும்’ என்று எழுதினால் பதிலும் மொத்தமாகத்தான் வரும்.

டிஸபிலிட்டி அளவுக்கே எனக்கு வேலை வைப்பது பெயரும் பிறந்த தேதியும். இதில் சண்டையோ குண்டோ இல்லை. ஆனால் பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் விதவைகள். நம் ஊர்ப் பேர் முறை இனிஷியல் முறை. பட்டாளத்துப் படிவத்தில் முதல் பேர், கடைசிப் பேர் என்று கட்டம் இருக்கும். சேர்க்கையின்போது வடக்கத்திக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒருவருக்கு அப்பா பேர் குடும்பப் பேராகிவிடும், இன்னொருவருக்கு ஊர்ப் பேர். மனைவி பேரைக் கேட்டால் இளைஞன் வெட்கத்தோடு வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லியிருப்பான். அது யூனிட்டின் பார்ட் டூ ஆர்டரில் ஏறி, ஷீட் ரோலுக்குப் போய், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வில் அச்சாகிவிடும். அவர் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. இறந்தபிறகு அந்தம்மா ஆதார் கார்டோடு போய் நிற்கும்போது, இப்படி ஒரு மனைவி பதிவில் இல்லை என்பார்கள்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். குடும்பப் பென்ஷன் வந்துகொண்டுதான் இருந்தது. 80 வயது முடிந்தால் பென்ஷன் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40 என்று ஏறிக்கொண்டே போகும் என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்கப் போனால், பி.பி.ஓ.வில் அவருடைய பிறந்த தேதியே இல்லை. அந்தக் கட்டம் காலி. தேதி இல்லாதவருக்கு 80 ஆவது எப்படி? ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணைய முறை வந்து கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபிறகும் காலியாக இருந்தது காலியாகவே ஏறியது.

ஆதாரில் ஒரு வருஷம், வாக்காளர் அட்டையில் இன்னொரு வருஷம். பள்ளிக்கூடம் போகாதவர், சர்டிபிகேட் கிடையாது. பேரும் இரண்டு. பி.பி.ஓ.வில் ‘குப்பு’, ஆதாரில் ‘குப்பம்மாள்’. "ரெண்டும் நான்தானேப்பா. அவரு குப்புன்னுதான் கூப்புடுவாரு" என்றார்.

"தெரியும்மா. அவங்களுக்கு எழுத்துல காட்டணும்" என்றேன்.

அவர் கணவரின் ஷீட் ரோல் நகலை வரவழைத்தோம். கல்யாணம் பதிவான வரியில், அறுபதுகளின் நீல மையில், மணப்பெண்ணின் பேரும் பிறந்த தேதியும் இருந்தன. பி.பி.ஓ. அச்சிடும்போது அதை யாரும் எடுத்துச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் தேதி ஆதாரில் இருந்த வருஷத்தோடு பொருந்தியது. பேருக்கு, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் அபிடவிட், அதோடு தாசில்தார் சான்று. மூன்றையும் சேர்த்து ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பினோம். அவர்கள் பிரயாக்ராஜில் இருக்கும் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்ப, திருத்திய பி.பி.ஓ. வந்தது. 80 முடிந்த நாளிலிருந்து பாக்கி கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இதில் எந்தச் சட்ட நுணுக்கமும் இல்லை. பழைய வரியைத் தேடி எடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே. கணவன் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வை எடுத்து மனைவியின் பேர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள் என்று சோல்ஜர் போர்டு ஆபீஸில் நடக்கும் கூட்டங்களில் பேசும் வாய்ப்பு கிடைத்தால் நான் வேறெதையும் பேசுவதில்லை.

என்னிடம் வருகிறவர்களில் சிலரைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். நோயே இல்லாமல், "ஏதாவது எழுதிப் போடுங்க சாப், இப்ப எல்லாருக்கும் குடுக்கறாங்களாமே" என்பவர்கள். வருகிற பாக்கியில் பங்கு கேட்டு ஊர் ஊராகச் சுற்றும் ஏஜென்ட்டுகள் இவர்களைக் கிளப்பி விடுகிறார்கள். பட்டாளத்துக்காரன் உடல்குறையைக் காட்டிப் பணம் பறிக்கிறான் என்ற பேச்சு டெல்லிவரை எழுவதற்கு இப்படிப்பட்ட கேஸ்கள்தான் காரணம். அந்தப் பேச்சின் அடி விழுவது காது கேட்காத ஹவில்தார்மேல்.

நல்ல கேஸ் ஆவணம் இல்லாமல் தோற்றுப் போவதைப் பார்ப்பது இதைவிடக் கொடுமை. பென்ஷன் வாங்காமல் வெளியே போனவர்களின் ஆவணங்களை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுகிறார்கள். பென்ஷன் இல்லாமல் போனவர் யார்? பெரும்பாலும் 10 வருஷப் பணியை முடிக்குமுன் நோயால் வெளியேற்றப்பட்டு, ‘சம்பந்தமில்லை’ என்று கிராஜுவிட்டியோடு அனுப்பப்பட்டவர். அதாவது யாருக்கு அந்தக் காகிதம் கட்டாயம் தேவையோ அவருடையது முதலில் அழிகிறது. 2008 விதிகளோ, வெளியேறி 15 வருஷம் கழித்து, ஆவணங்கள் அழிந்தபிறகு கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது என்கின்றன. அழித்தது ஒருவர், நிரூபிக்க வேண்டியது இன்னொருவர். இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. போர்டு முடிந்த அன்றே அறிக்கையின் முழு நகலை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நோயால் வெளியேறியவரின் மருத்துவ ஆவணங்களை அவர் ஆயுள் உள்ளவரை அழிக்கக் கூடாது. எல்லாம் ஸ்கேன் ஆகிற இந்தக் காலத்தில் இதற்கு அலமாரிகூட வேண்டாம்.

இப்போது என் மேஜையில் இருக்கும் கட்டு ஒரு இளைஞனுடையது. ஆறு வருஷப் பணியில் காஷ்மீரில் இருந்தபோது தூக்கம் போய், யாரோ பேசுவது கேட்கிறது என்று ஆரம்பித்து, மனச்சிதைவு என்று போர்டு அவுட் செய்தார்கள். சம்பந்தமில்லை என்று முடிவு. பத்து வருஷம்கூட ஆகாத பணி. அப்படிப்பட்டவர்களுக்கும் இன்வேலிட் பென்ஷன் உண்டு என்று 2020-ல் அரசு உத்தரவு வந்தது, ஆனால் 2019 ஜனவரி 4-லோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்குத்தான். இவன் அதற்கு முன்பே வந்துவிட்டான். அலைவது அப்பா. விவசாயக் கூலி. மகனுடைய மருத்துவ ஆவணத்தை அப்பா கேட்டால் தர மாட்டார்கள், மூன்றாம் நபர் என்பார்கள். மகன்தான் கையெழுத்துப் போட வேண்டும். மனம் தெளிந்திருந்த ஒரு காலையில் போட்டுக் கொடுத்தான். நம்பரையும் தானே எழுதினான், ஒரு எழுத்துப் பிசகாமல்.

வந்த ஆவணங்களில் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 இருந்தது. மனநோய் கேஸ் என்றால் கமாண்டிங் ஆபீசர் எழுத வேண்டிய அறிக்கை அது. நோய் வருமுன் ஆள் எப்படி, வேலையில் எப்படி, எப்போது மாறினான் என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும். இவனுடைய அதிகாரி, ரோந்துக்கு முதல் ஆளாக நிற்பவன், ஒழுங்கீனம் எதுவும் இல்லை, இன்ன மாதம் முதல் ஒதுங்கத் தொடங்கினான் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அந்த மாதம் அவன் இருந்தது எங்கே என்பதும் அதிலேயே இருக்கிறது. போர்டு அறிக்கை இந்த ஒரு பக்கத்தை எங்குமே குறிப்பிடவில்லை. சேரும்போது நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. எங்கள் மனு முழுவதும் இந்த இரண்டு காகிதங்களின் மேல்தான் நிற்கிறது. நர்சிங் யாதவ் தீர்ப்பை எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும் என்பதும் தெரியும். அதில் பேசியது போர்டு காரணம் சொன்னதைப் பற்றி, இங்கே காரணமே இல்லை என்பது எங்கள் பதில்.

மனுவைப் படித்துக் காட்டியபோது அப்பா பாக்கி எவ்வளவு வரும் என்று கேட்கவில்லை. "ஜெயிச்சா ஈ.சி.எச்.எஸ். கார்டு குடுப்பாங்களா சார்? மாத்திரைதான் மாசா மாசம் வெளிய வாங்குறோம்" என்றார். நோயால் பென்ஷன் இல்லாமல் வெளியேற்றப்பட்டவனுக்கு முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து கிடையாது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அந்தக் கார்டும் கிடையாது, கேன்டீனும் கிடையாது. டிஸபிலிட்டி பென்ஷன் கிடைத்தால் இரண்டும் கூடவே வரும். வேலூர் பாலிகிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். அதைச் சொன்னேன். இரண்டாவது அப்பீலுக்கும் பதில் வரவில்லை. 6 மாதம் தாண்டினால் பதிலுக்குக் காத்திருக்காமல் தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. அந்த 6 மாதம் வருகிற மாதத்தோடு முடிகிறது. வக்கீலுக்குக் காகிதங்களை அனுப்பிவிட்டேன்.